சீசன் இல்லாத அணி

இன்றைய பேச்சை ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குகிறேன். முப்பத்திரண்டு கல்லூரிகள் கலந்துகொள்ளும் ஒரு நாக்-அவுட் கால்பந்துப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வென்றவர் அடுத்த சுற்றுக்கு, தோற்றவர் வீட்டுக்கு. மொத்தம் 31 ஆட்டங்கள். முதல் சுற்றோடு 16 அணிகள் மூட்டை கட்டிவிடும். அவற்றுக்கு அந்த ஆண்டில் கிடைத்தது ஒரே ஓர் ஆட்டம். அடுத்த 8 அணிகளுக்கு இரண்டு, அதற்கடுத்த 4 அணிகளுக்கு மூன்று, அரையிறுதியில் தோற்ற இரண்டுக்கு நான்கு, இறுதிக்கு வந்த இரண்டுக்கு மட்டும் ஐந்து. சராசரி பார்த்தால் ஓர் அணிக்கு இரண்டு ஆட்டம்கூடத் தேறாது. 32-க்குப் பதில் 64 கல்லூரிகள் வந்தாலும் 128 வந்தாலும் இந்தச் சராசரி இரண்டைத் தொடவே தொடாது. ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அணியை வெளியே அனுப்புகிறது; ஆகவே ஆட்டங்களின் எண்ணிக்கை அணிகளின் எண்ணிக்கையைவிட எப்போதும் ஒன்று குறைவு. எந்த நிர்வாகியின் தவறும் இல்லை இது. நாம் தேர்ந்தெடுத்துக்கொண்ட போட்டி முறையின் உடம்பிலேயே இது இருக்கிறது.

குற்றாலத்தில் ஒருநாள் சாரல் அடித்தால் அதை யாரும் சீசன் என்று சொல்வதில்லை. அருவி நிரம்ப வேண்டும், வாரக்கணக்கில் விழ வேண்டும், நடுவே இரண்டு நாள் குறைந்து மறுபடி பெருக வேண்டும். அப்போதுதான் ‘சீசன் ஆரம்பமாகிவிட்டது’ என்பார்கள். கல்லூரிக் கால்பந்தில் மட்டும் ஒருநாள் சாரலைச் சீசன் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம். திருவனந்தபுரம், கொல்லம், ஆலப்புழை, பத்தனம்திட்டையின் ஒரு பகுதி என்று விரிந்து கிடக்கிறது கேரளப் பல்கலைக்கழகத்தின் எல்லை. இதையும் சேர்த்து நம் பல்கலைக்கழகங்களில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி பெரும்பாலும் நாக்-அவுட்டாகவே நடக்கிறது. கடைசி நான்கு அணிகள் எஞ்சியபின் அவற்றுக்குள் லீக் வைப்பதும் உண்டு. பிறகு பல்கலைக்கழக அணிக்கான தேர்வு, கேம்ப், தென்மண்டலப் போட்டி, அதில் தேறினால் சர் அசுதோஷ் முகர்ஜி பெயரிலான அகில இந்தியக் கோப்பை. இந்த ஏணியில் மேலே ஏற ஏற ஆட்டங்கள் கூடுகின்றன. ஏற்கெனவே நன்றாக ஆடும் நான்கு அணிகளுக்கு லீக் கிடைக்கிறது. இன்னும் ஆடக் கற்றுக்கொள்ள வேண்டிய அணிகளுக்கு ஒரு பிற்பகல் கிடைக்கிறது. தேவை மிகுந்தவனுக்குக் குறைவாகவும் குறைந்தவனுக்கு மிகுதியாகவும் பரிமாறும் பந்தி இது. கல்லூரி அணி என்பது இளைஞனை ஆட்டக்காரனாக்கும் இடம் என்று நாம் உண்மையிலேயே நம்பினால், அதற்கு முதலில் தர வேண்டியது ஒரு சீசன். கோப்பை, ஜெர்சி, பரிசுத்தொகை எல்லாம் அதற்குப் பிறகு. இதுதான் என் வாதம்.

ஆட்டத்துக்குள் போய்ப் பார்ப்போம். ஒரு கார்னர் கிக். பந்து தூரக் கம்பத்தை நோக்கி வளைந்து வருகிறது. கோல்கீப்பர் இரண்டு அடி முன்னே வைக்கிறான், பிறகு தயங்குகிறான். ஸ்டாப்பர் பேக் ‘கீப்பர் எடுப்பான்’ என்று விட்டுவிடுகிறான். கீப்பர் ‘பேக் தலையால் அடிப்பான்’ என்று நின்றுவிடுகிறான். இருவருக்கும் நடுவே எதிரணிப் பையன் எழும்பித் தலையில் வாங்குகிறான். கோல். இந்தத் தவறு திறமைக் குறைவால் வருவதில்லை. இருவரும் சேர்ந்து போதிய ஆட்டங்கள் ஆடவில்லை, அவ்வளவுதான். இதைத் திருத்தும் வழி எந்தக் கோச்சுக்கும் தெரியும்: யார் குரல் கொடுப்பது, எந்தக் கோட்டுக்குள் வந்தால் பந்து கீப்பருடையது என்று பேசி முடிவு செய்து, அந்த வாரம் முழுவதும் நாற்பது ஐம்பது கார்னர் அடிக்கவைத்து, அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தில் சரியாகிவிட்டதா என்று பார்ப்பது. லீக்கில் அந்த அடுத்த சனிக்கிழமை உண்டு. நாக்-அவுட்டில் அது அடுத்த ஆண்டு. அதற்குள் அந்த ஸ்டாப்பர் பேக் இறுதியாண்டு முடித்துப் போயிருப்பான். முதல் சுற்றிலேயே தோற்கும் கல்லூரியின் கோல்கீப்பர் மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் மொத்தம் மூன்று ஆட்டம், 270 நிமிடம் ஆடுகிறான். அதுவும் அவன் முதல் கீப்பராக இருந்தால். இரண்டாவது கீப்பர் பெஞ்சில் கையுறையை மாட்டிக்கொண்டு மூன்றாண்டு உட்கார்ந்துவிட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகிறான். எந்தக் கோச்சும் ஒரே ஆட்டத்தை வைத்துக்கொண்டு இரண்டாவது கீப்பருக்கு வாய்ப்புக் கொடுக்க மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

தேர்விலும் இதே சிக்கல். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவர்கள் ஒரு பையனை எத்தனை முறை பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அவர்கள் முடிவின் தரம் இருக்கும். பலவீனமான கல்லூரியில் நல்ல விங்கர் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்குப் பந்து வந்து சேர்வதே ஆட்டத்தில் பத்துப் பதினைந்து முறை. அன்று மழை, எதிரே பெரிய கல்லூரி, நான்கு கோல் வாங்கித் தோல்வி. அவன் யார் கண்ணிலும் படாமல் ஊர் திரும்புகிறான். பெரிய கல்லூரியின் சுமாரான விங்கர் ஐந்து ஆட்டம் ஆடுகிறான், இரண்டில் கோலும் போடுகிறான். பட்டியலில் யார் பெயர் வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. விளைவாக, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேரும் மாணவர்கள் எல்லாரும் அந்த நான்கைந்து கல்லூரிகளையே தேடிப்போகிறார்கள், மற்றக் கல்லூரிகள் இன்னும் இளைக்கின்றன. வலுவான கல்லூரிகள் திறமையால்தான் வலுவாக இருக்கின்றன என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் அந்தத் திறமை அங்கே குவிந்ததற்குப் போட்டி முறையும் ஒரு காரணம்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முழு ஆட்டம் ஆடும் ஒரு நடுக்கள வீரர் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறார். அந்த ஓட்டத்தில் தீர்ந்துபோகும் தசைச் சர்க்கரையான கிளைகோஜன் திரும்ப நிரம்பவும், தசையிழைகளில் விழுந்த நுண்ணிய கிழிசல்கள் ஆறவும் இரண்டு மூன்று நாள் ஆகும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் நிலைநிறுத்தப்பட்ட செய்தி. போட்டியை ஒரே ஊரில் ஒரே வாரத்தில் அடக்க வேண்டிய கட்டாயத்தில், வெல்லும் அணி அடுத்தடுத்த நாட்களில் இறங்குகிறது. தோற்றவனுக்கு ஆட்டமே இல்லை, வென்றவனுக்கு ஓய்வே இல்லை. தொடையின் பின்தசையைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வெளியே வரும் பையனை இறுதியாட்டங்களில் அடிக்கடி பார்க்கலாம். அமெரிக்கக் கல்லூரிகளிலும் இதையொத்த புகார் உண்டு. அங்கே ஆண்கள் கால்பந்து ஆகஸ்ட் கடைசி தொடங்கி இலையுதிர்காலத்துக்குள் திணிக்கப்பட்டிருக்கிறது. அதை இரண்டு செமஸ்டருக்கும் பரப்புங்கள் என்று கோச்சுகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். அவர்களுக்கு மூன்று மாதம் போதவில்லை. நாம் ஒரே வாரத்தை வைத்துக்கொண்டு திருப்திப்படுகிறோம்.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது, அதை மேலோட்டமாகத் தள்ளிவிடக் கூடாது. ‘இதே முறையில்தானே கேரளம் இத்தனை வீரர்களை உருவாக்கியது? 1973 டிசம்பர் 27 அன்று எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் ரயில்வேயை 3-2 என்று வென்று, தேசியக் கால்பந்துப் பட்டமான சந்தோஷ் கோப்பையை முதன்முறையாக வாங்கவில்லையா? கேப்டன் மணி மூன்று கோலும் போட்டாரே? 1970-களின் தொடக்கத்தில் விக்டர் மஞ்ஞிலையின் தலைமையில் காலிக்கட் பல்கலைக்கழகம் அகில இந்தியப் பட்டம் வெல்லவில்லையா? அவரே பிறகு மாநில அணியின் கோலைக் காக்கவில்லையா?’ என்று கேட்பார்கள். எல்லாம் நடந்தது உண்மை. 1990-ல் திருச்சூரிலும் 1991-ல் கண்ணூரிலும் கேரளப் போலீஸ் அணி ஃபெடரேஷன் கோப்பையை வென்றதையும், 1992-ல் கோயம்புத்தூரில் வி.பி. சத்யன் தலைமையில் கேரளம் மீண்டும் சந்தோஷ் கோப்பையைத் தூக்கியதையும் நானே சேர்த்துக்கொள்கிறேன்.

ஆனால் இந்த வெற்றிகளின் பின்னால் என்ன இருந்தது என்று பாருங்கள். கல்லூரியிலிருந்து வெளியே வந்த பையனை அன்று டிபார்ட்மென்ட் அணிகள் கைநீட்டி வாங்கிக்கொண்டன. திருவனந்தபுரம் என்ற இந்த ஒரு நகரத்தில் மட்டும் எத்தனை: ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் (எஸ்.பி.டி.), கொச்சுவேளியிலிருக்கும் திருவாங்கூர் டைட்டானியம், ஏ.ஜி. அலுவலகம், மின்வாரியம், போலீஸ். காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம், மாலையில் மறுபடி மைதானம், ஆண்டு முழுவதும் மாவட்ட லீக்கும் வெளியூர்க் கோப்பைகளும். 1973 அணியின் நஜிமுதீன் டைட்டானியத்தின் ஆட்டக்காரர். ஜோபோல் அஞ்சேரி இந்த ஊர் எஸ்.பி.டி. அணியில் ஆடிவிட்டுத்தான் ஜே.சி.டி.க்கும் மோகன் பகானுக்கும் போனார். 2001-02 சீசனில் மும்பையில் கோவாவை வென்று சந்தோஷ் கோப்பை வாங்கிய கேரள அணியின் கேப்டன் வி. சிவகுமாரும் எஸ்.பி.டி. ஊழியர். கல்லூரி கொடுக்காத சீசனை இந்த அலுவலகங்கள் கொடுத்தன. கல்லூரி அணி ஒரு வாசற்படி மட்டும். வீடு வேறிடத்தில் இருந்தது.

அந்த வீடு இன்று இல்லை என்று சொல்ல முடியாது; மின்வாரியமும் போலீஸும் இன்னும் அணி வைத்திருக்கின்றன. வெட்டுகாட்டுக் கடற்கரைப் பையன் ஜோபி ஜஸ்டின் மின்வாரிய அணியிலிருந்துதான் 2017-ல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். 2018-19 ஐ-லீகில் ஒன்பது கோல் அடித்தார். ஆனாலும் அறைகள் குறைந்துவிட்டன. 2017 ஏப்ரல் 1 அன்று ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தது. பூஜப்புரையில் தலைமையகம் வைத்திருந்த வங்கி தன் பெயரோடு ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் வழக்கத்தையும் வரலாற்றிடம் ஒப்படைத்தது. வங்கிகள் கால்பந்துக்காகத் தொடங்கப்பட்டவையா என்று கேட்டால், இல்லை. அவற்றின் மேல் வருத்தப்பட்டுப் பயனும் இல்லை. 1973-ஐ எடுத்துக்காட்டி இன்றைய முறையை நியாயப்படுத்துபவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். வாசற்படிக்குப் பின்னால் வீடு சுருங்கிவிட்டதென்றால், வாசற்படியில் நிற்பவனுக்கு அங்கேயே ஒரு கூரை போட்டாக வேண்டும்.

அடுத்த மறுப்பு இக்காலத்தது. ‘கிளப்களும் அகாடமிகளும் வந்துவிட்டன. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே ஆளைப் பொறுக்கிவிடுகிறார்கள். 2024-ல் சூப்பர் லீக் கேரளா தொடங்கிவிட்டது. நம் ஊருக்கே கொம்பன்ஸ் என்று ஓர் அணி வந்து சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்தில் ஆடுகிறது. இனிக் கல்லூரி அணியிடம் என்ன எதிர்பார்ப்பது?’ என்கிறார்கள். இதற்கு ஜப்பானைப் பார்த்துப் பதில் சொல்கிறேன். கௌரு மிதோமா காவசாகி ஃப்ரொன்டாலே கிளப்பின் இளைஞர் அணியில் வளர்ந்தவர். பதினெட்டு வயதில் சீனியர் அணியில் இடம் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு த்சுகுபா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே உடற்கல்வி படித்தார், டிரிப்ளிங் பற்றியே ஆய்வேடு எழுதினார். 2020-ல் காவசாகிக்குத் திரும்பி, பிறகு இங்கிலாந்தின் பிரைட்டன் அணிக்குப் போனார். பலர் இதைத் தனிமனிதக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதன் பின்னணி முக்கியம். டோக்கியோவைச் சுற்றியுள்ள கான்டோ பகுதிப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு லீக் இருக்கிறது. முதல் பிரிவில் 12 அணிகள், ஒவ்வொன்றும் மற்றதோடு இரண்டு முறை, ஆக 22 ஆட்டம். கீழே இறங்கும் பயமும் மேலே ஏறும் ஆசையும் உண்டு. 2017-ல் நாட்டின் பேரரசர் கோப்பையில் த்சுகுபா மாணவர்கள் முதல்நிலைத் தொழில்முறை அணியான வெகால்டா செண்டாயை 3-2 என்று வீழ்த்தினார்கள். மிதோமா இரண்டு கோல். பேரரசர் கோப்பை நாக்-அவுட் போட்டி என்பதைக் கவனியுங்கள். நாக்-அவுட்டை நான் வெறுக்கவில்லை. அதன் பரபரப்புக்கு ஈடில்லை. பின்னால் 22 ஆட்டம் இருக்கும் அணி நாக்-அவுட்டில் இறங்கும்போதுதான் அது உண்மையான சோதனை ஆகிறது.

மேலும், பதின்மூன்று வயதில் பொறுக்கும் முறை எல்லாரையும் பொறுக்கிவிடுவதில்லை. சிலருக்கு உடம்பு பதினெட்டில்தான் திரள்கிறது. சிலர் வீட்டில் அகாடமி என்ற சொல்லே கேட்டிருக்க மாட்டார்கள். இந்த நகரின் தெற்கே விழிஞ்ஞம், பூவாறு தாண்டினால் பொழியூர். அதைத் தாண்டினால் தமிழ்நாடு. நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் என்று கடற்கரை ஊர்கள் கைகோத்து நிற்கின்றன. 1956-க்கு முன் இவையெல்லாம் ஒரே திருவிதாங்கூர். 1937-ல் பிறந்த திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் நிழலில்தான் நாகர்கோவிலும் இருந்தது. எல்லைக் கோடு விழுந்தது. பந்து அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை. தூத்தூர்ப் பக்கத்து இரவிப்புத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. என்று ஆடியதும், சீசன் என்றே பெயர் கொண்ட பொழியூர் ஆட்டக்காரர் 2018-ல் சந்தோஷ் கோப்பை வென்ற கேரள அணியில் இருந்ததும் ஒரே மணலின் விளைச்சல். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் இந்த ஊர்களின் வீடுகளில் ஆளில்லாமல் செய்தது. நான்கு மாதம் கழித்து, 2018 ஏப்ரல் 1 அன்று, கொல்கத்தாவில் வங்காளத்தை டை-பிரேக்கரில் வென்ற அணியில் இந்தக் கரையிலிருந்து போன பையன் ஒருவன் நின்றான் என்பது சாதாரணச் செய்தி இல்லை.

‘அப்படியானால் மணலே போதுமே, கல்லூரி எதற்கு?’ என்று இங்கே கேட்கத் தோன்றும். மணலில் வெறுங்காலோடு ஆடுபவனுக்குக் கணுக்கால் இறுகும், பந்து காலோடு ஒட்டும், மூச்சு நீளும். மணல் தராதவையும் உண்டு. நால்வர் பின்வரிசையாக ஒரே கோட்டில் முன்னேறி ஆஃப்சைடு வைப்பது, நூறு மீட்டர் நீள மைதானத்தில் எப்போது ஓடாமல் நிற்பது, ஸ்டட் பூட்ஸோடு ஈரப் புல்லில் திரும்புவது போன்றவை பதினொருவர் ஆட்டத்தைப் பலமுறை ஆடினால் மட்டுமே வரும். மலபாரின் செவன்ஸ் பற்றியும் இதையே சொல்வேன். நவம்பரிலிருந்து மே வரை நடக்கும் அந்தச் சீசனில் கல்லூரிப் பையன்கள் பலர் காசுக்கு ஆடுகிறார்கள். அதை ஒழுக்கக்கேடுபோலப் பேசுவது அநியாயம்; அவர்களுக்கு ஆட்டம் தருகிற இடத்துக்கு அவர்கள் போகிறார்கள். ஆனால் சின்ன மைதானம், பக்கத்துக்கு எழுவர், முப்பது முப்பது நிமிடம், நெருக்கியடிக்கும் கூட்டம். அது வேறோர் ஆட்டம், அதன் கால் வேறு. காயம்பட்டால் பல்கலைக்கழகம் பொறுப்பேற்காது. செவன்ஸுக்குப் போகாதே என்று தடுக்கும் கல்லூரி, ‘இந்தச் சனிக்கிழமை நமக்கு ஆட்டம் இருக்கிறது’ என்று சொல்லக்கூடிய நிலையில் இருக்க வேண்டும்.

படிப்புக் கெடும் என்ற மறுப்பைப் பெற்றோரும் பேராசிரியர்களும் சொல்கிறார்கள். அக்கறையோடு சொல்கிறார்கள், அதனால் அக்கறையோடு பதில் சொல்ல வேண்டும். இன்றைய முறையில் என்ன நடக்கிறது? கேம்ப்புக்கு ஒரு வாரம், வெளிமாநிலத்துக்கு ரயிலில் போய்வர நான்கு நாள், போட்டி ஒரு வாரம் என்று வகுப்பு மொத்தமாகப் போகிறது. இன்டர்னல் தேர்வு தவறுகிறது, அட்டென்டன்ஸ் சரிக்கட்ட அலுவலக வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை லீக்கில் ஒரு வகுப்பும் போகாது. படிப்புக்கு இடைஞ்சல் வாராவாரம் நடக்கும் ஆட்டத்தால் வருவதில்லை, ஒரே மூச்சில் திணிக்கும் போட்டியால் வருகிறது. இன்னொன்றையும் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். சூசைராஜ் 2020 நவம்பரில் ஐ.எஸ்.எல். சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் காயம்பட்டு வெளியேறினார்; அந்தச் சீசனே அவருக்குப் போயிற்று. அத்தனை உயரத்தில் இருப்பவரின் எதிர்காலமும் ஒரு முழங்காலில்தான் நிற்கிறது. ஆகவே பட்டம் வேண்டும். பட்டத்தையும் ஆட்டத்தையும் ஒரே கூரையின் கீழ் தரக்கூடிய நிறுவனம் கல்லூரி மட்டுமே. மதுரைப் பக்கம் சேது பொறியியல் கல்லூரிக் குழுமம் இதைப் பெண்களுக்குச் செய்துகாட்டியது. 2016-ல் தொடங்கிய சேது எஃப்.சி. 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர்ப் போலீஸை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் பட்டம் வாங்கியது. கடலூர் இந்துமதி போன்றவர்கள் அந்த அணியில் ஆடினார்கள். கல்லூரியும் கால்பந்தும் ஒன்றுக்கொன்று எதிரி என்பவர்களுக்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. நம் பெண்கள் கல்லூரிகளின் நிலை ஆண்களைவிட மோசம். கலந்துகொள்ளும் அணிகளே குறைவு என்பதால், ஒரே ஆட்டத்தில் கோப்பை முடிவாகும் நிலைக்கு அது போகக்கூடும். லீக் என்று ஒன்று தொடங்கினால் அவர்களுக்கும் அதே ஆண்டில் தொடங்க வேண்டும்.

இனிப் பணமும் மைதானமும். கல்லூரிகளுக்கான லீக் ஒன்றைக் கேரள அரசே 2025-ல் கையில் எடுத்தது நல்ல செய்தி. ஆனால் லீக் என்று பெயர் வைத்துவிட்டு ஒரே மைதானத்தில் சில நாட்களில் முடித்தால் அதுவும் திருவிழாவாகவே போய்விடும். எனக்கு வேண்டியது திருவிழா இல்லை, நாட்காட்டி. பாளையத்து யூனிவர்சிட்டி கல்லூரி, நாலாஞ்சிறை மார் இவானியோஸ், கேசவதாசபுரம் மகாத்மா காந்தி கல்லூரி, தைக்காடு அரசு கலைக்கல்லூரி, காரியவட்டம் அரசுக் கல்லூரி, தும்பை செயின்ட் சேவியர்ஸ், காட்டாக்கடை கிறிஸ்தவக் கல்லூரி, தனுவச்சபுரம் வி.டி.எம். என்.எஸ்.எஸ். கல்லூரி என எட்டுக் கல்லூரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டும் ஒரே மாவட்டம். எது எதற்குப் போனாலும் காலையில் பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். ஒருவரோடொருவர் ஒருமுறை ஆடினால் ஓர் அணிக்கு 7 ஆட்டம், மொத்தம் 28. ஹாஸ்டல் வாடகை இல்லை, ரயில் கட்டணம் இல்லை, பேட்டா ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மட்டும். எல்லாக் கல்லூரிக்கும் முழு அளவு மைதானம் இல்லை என்பது உண்மை. ஆனால் பாளையத்தில் பல்கலைக்கழக ஸ்டேடியம் இருக்கிறது, காரியவட்டத்தில் 2015-16 சாஃப் கோப்பையை இந்தியா வென்ற கிரீன்ஃபீல்டு நிற்பதே பல்கலைக்கழக நிலத்தில். பெரிய நிகழ்ச்சிகளுக்குக் கொடுக்கும் புல்லை வாரத்தில் ஒருநாள் மாணவர்களுக்குக் கொடுப்பது சலுகை ஆகாது.

எந்த மாதம் என்பதையும் யோசித்தாக வேண்டும். இந்த ஊருக்கு இரண்டு மழை. ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாவர்ஷம். ஜூன், ஜூலையில் டிராலிங் தடை 52 நாள். கடலோரக் குடும்பங்களில் கைச்செலவுக்கே இறுக்கமான காலம். அப்போது பூட்ஸ் வாங்கு, ட்ரயல்ஸுக்கு வா என்று ஒரு முதலாண்டு மாணவனிடம் கேட்பது கடுமை. ஓணம் கழிந்த முதல் சனிக்கிழமை தொடங்கலாம். துலாவர்ஷம் வலுக்கும்போது இரண்டு வாரம் விட்டுப் பிடிக்கலாம். டிசம்பர் தொடக்கத்துக்குள் ஏழு ஆட்டமும் முடிந்துவிடும். அதன் பிறகு, இதேபோல மண்டலந்தோறும் நடக்கும் லீக்குகளின் முதல் இரண்டு அணிகளை வைத்து நாக்-அவுட் நடத்தட்டும். அப்போது அதைப் பார்க்க நானும் வருவேன்.

கடைசியாக, 28 ஆட்டத்துக்கு நடுவர்கள் எங்கே என்று கேட்கிறார்கள். காரியவட்டத்தில் 1985 முதல் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் விதிப்புத்தகம் படித்துத் தேர்வு எழுதும் மாணவர்களுக்கு விசிலை வாயில் வைத்துப் பழக ஆட்டங்கள் தேவை. ஓர் ஆட்டத்துக்கு நடுவர் ஒருவர், கோட்டில் இருவர், வெளியே ஒருவர் என்று நால்வர். 28 ஆட்டத்துக்கு 112 இடம். மூத்த நடுவர் ஒருவர் கூட நின்று, ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெனால்டியை ஏன் கொடுத்தாய், அந்த ஆஃப்சைடை ஏன் விட்டாய் என்று கேட்டுத் திருத்தலாம். அவர்களுக்கும் அடுத்த சனிக்கிழமை வேறோர் ஆட்டம் காத்திருக்கும்.